கோவையும் ஒட்டும்: ஜானகிராமின் செப்புச் சிற்பங்கள்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர், சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் முறையைக் ‘கோர்வை’ என்பர். கோத்தல் என்னும் வினையின் வழிப்பட்ட ‘கோவை’ என்பதன் வழக்குருவே இஃது. உடலுக்கு ஒன்றும் இரு கரைகட்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று பற்றித் திரும்பும். ஆண்டுத் தையலும் இல்லை, பசையும் இல்லை.

1912-இல் பிக்காசோவும் பிராக்கும் தாள் முதலியவற்றை ஒட்டிப் படம் அமைத்தனர். அவ்வொட்டுக்கலையில் துண்டுகள் தம் வேற்றுமை தோன்ற நிற்றலே சிறப்பு. தன் மரபினின்றே கூறுகளை எடுத்தாளும் கலைஞன் செய்வது ஒட்டா, கோவையா? இவ்வினாவைப் பி. வி. ஜானகிராமின் (1930–1995) படைப்புக்களில் வைத்து ஆராய்வாம்.

சென்னை அரசு கலை கைவினைப் பள்ளியில் பயின்ற இவர், கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் நிறுவிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைச் சார்ந்தவர். செப்புத் தகட்டை வெட்டித் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்து, உருவின் முன்புறத்தையே சிறப்பாக அமைத்தார். கோயில் திருமேனிக்குச் சாத்தும் கவசத்தை இவை நினைவூட்டுகின்றன.

பின்புறம் நிரம்பாமையைக் குறையென்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். கவசத்தின் பின்னே திருமேனி உண்டு. இங்கோ வெற்றிடமே உண்டு. போர்வையாக இருந்த தகடு தானே மெய்யாகின்றது. தொல்காப்பியர் புணர்ச்சித் திரிபுகளுள் ஒன்றாக ‘மெய்பிறிதாதல்’ கூறினார். இருசொல் கூடுமிடத்து எழுத்துத் திரிதல் போலவே, பழமையும் புதுமையும் கூடுமிடத்து இங்குத் தகட்டின் பயன் திரிகின்றது. விநாயகரை வடித்த இம்முறையே இயேசுவை வடித்தற்கும் உதவிற்று. ஆகவே, மரபு இவருக்குப் பொருளில் மட்டும் அன்று, தொழிலிலும் அமைந்ததென்க.

எனினும், கம்பிச்சுருளும் மணியும் மிக்க இடங்களில் அணி உருவோடு பிணையாது மேலே தங்கிவிடுகின்றது. அவ்விடங்கள் ஒட்டே, கோவை அல்ல.

கோர்வையின்றி, ஒரே ஊடையை உடலிலும் கரையிலும் ஓடவிட்டு நெய்த சேலைகளும் இன்று பட்டுக்கடைகளில் மிகுதி. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு வேற்றுமை விளங்காது; உடலும் கரையும் கூடும் எல்லையை நோக்கின் விளங்கும். மரபுக்கலையை மதிப்பிடுவாரும், எடுத்தாண்ட சின்னங்களை எண்ணுதலை விடுத்து, அவை கூடும் எல்லையையே நோக்குதல் வேண்டும்.