லேபர் கேம்ப்பிலிருந்து நோக்கும் ஒப்பீடு

சமயச் சிறுபான்மையோர் உரிமைகளை நாடுவாரியாக ஒப்பிடும் பாடங்கள், இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மை இடமளிப்பதையும் இந்திய அரசமைப்பு எச்சமயத்திற்கும் அவ்வாறு அளியாமையையும் சுட்டுவதோடு அமைகின்றன. இது போதாது என்பது மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்புத் தமிழர் நிலையிலிருந்து நோக்கின் விளங்கும். பட்டியல் சாதியில் பிறந்தோர் பௌத்தம் தழுவினால் 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அத்தகுதி நீடிக்கும். கிறித்தவம் தழுவினால் 1950ஆம் ஆண்டு ஆணையின்படி நீங்கும். இருவரும் சட்டப்படி சிறுபான்மையினரே. சென்னைச் செருப்புத் தொழிலாளி சூசையின் வழக்கில் (1985), மதம் மாறிய பின்னும் சாதிக் குறைபாடுகள் அதே கடுமையுடன் தொடர்வதை மெய்ப்பிக்குமாறு உச்ச நீதிமன்றம் கேட்டது. அச்சுமை ஏன் ஒடுக்கப்பட்டோர்மேல் விழவேண்டும் என்னும் வினா பாடங்களில் இல்லை. மதம் மாறாதோர்க்கும் இடருண்டு: பிற மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தோர் மகாராட்டிரத்தில் பட்டியல் சாதிச் சலுகை கோரவியலாது என்பது அந்நீதிமன்றத்தின் 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு.