அடித்தவன் இல்லாத வாக்கியம்

ஒரு செய்தியாளரை நம்பலாமா கூடாதா என்று எப்படி முடிவு செய்வது? பொய் எழுதினாரா என்று பார்ப்பது வழக்கம். அது மட்டும் போதாது என்பதைத் தாமிரபரணி நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போனது ஊர்வலம். போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் ஓடியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள், ஒன்று கைக்குழந்தை.

இதை, ‘ஆற்றில் இறங்கியவர்கள் மூழ்கிப் பலி’ என்றும் ஒருவர் எழுதலாம். தண்ணீர் நிஜம், சாவும் நிஜம். ஆனால், “ஆத்துல எதுக்குய்யா எறங்குனாங்க, குளிக்கவா?” என்று கேட்டால் அந்த வாக்கியத்திடம் பதிலில்லை. செத்தவனே எழுவாயாகிவிட்டான். அடித்தவன் வாக்கியத்திலேயே இல்லை. ‘இரு தரப்பு மோதல்’ என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. தடியும் வெறுங்கையும் அங்கே சமமாகிவிடுகின்றன. இதற்கு வைத்த பெயர்தான் நடுநிலை.

இது வெறும் மொழிப் பிரச்சினை அல்ல. அரசு அமைத்த நீதிபதி மோகன் ஆணையமும் பெரும்பாலான சாவுகளுக்கு நீரில் மூழ்கியதே காரணம் என்றது, போலீஸை நியாயப்படுத்தியது. செய்தியில் காணாமல் போகிறவன் தீர்ப்பிலும் காணாமல் போகிறான்.

மறுபக்கம், ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம். அது செத்தவர்கள் பக்கம் நிற்கிறது, அதை மறைக்கவும் இல்லை. சார்பு இருந்தும் அதை நம்புகிறோம் என்றால், அடித்த கையை அது காட்டுகிறது என்பதால்தான். சார்பும் பொய்யும் ஒன்றல்ல.

யார் எழுதுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பி.என். உனியால் 1996இல் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலைப் புரட்டியும் ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. சேரிக்கு வராமலே சேரியைப் பற்றி எழுத முடிவது இப்படித்தான். நிருபருக்குக் காவல் நிலையத்தில் நாற்காலி போடுகிறார்கள். நம்ம தெருவுல உட்காரத் திண்ணைதான் இருக்கு. எங்கே உட்கார்ந்து கேட்டார் என்பது எழுத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே மூன்று கேள்விகள். யாரிடம் முதலில் கேட்டார்? செத்தவருக்குப் பெயர் உண்டா? வினையைச் செய்தவன் வாக்கியத்தில் இருக்கிறானா?

இதே கேள்விகளை நம் பத்திரிகைகளிடமும் கேட்க வேண்டும். கோபத்தில் நாம் ஒரு எண்ணைக் கூட்டிச் சொன்னால், மிச்ச உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிட அவர்களுக்கு அது போதும். 17 என்பது 17தான். அதைக் கூட்ட வேண்டிய அவசியம் நமக்கில்லை. அடித்தது யார் என்று சேர்த்து எழுதினாலே போதும்.