கலப்பு எஞ்சினும் மறைமலை நகரும்: ‘மீட்பு’ எனும் சொல்லாடல் குறித்து

வேதாசலம் தன் பெயரைத் தமிழ்ப்படுத்தி மறைமலை ஆனார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்டார். அவர் பெயர் தாங்கிய ஊரில், ஜி.எஸ்.டி. சாலையோரம், ஃபோர்டு கார் செய்தது. உலகமோ இன்று ‘கலப்பு’ எஞ்சினைக் கொண்டாடுகிறது. இந்த முரணை வைத்து ஒரு கட்டுடைப்பு விளையாட்டு ஆடிவிடலாம்தான். தூய்மைக்கு எதிரே கலப்பை நிறுத்திவிட்டால் விடுதலை வந்துவிடும் என்று நாமும் கொஞ்ச காலம் நம்பினோம். எனக்கு இப்போது அதில் சந்தேகம். கலப்பு யாருடைய கணக்கில் நடக்கிறது என்பதே கேள்வி.

எஞ்சினையே ஒரு பிரதியாக வாசிப்போம். பிரேக் பிடித்தால் காரின் ஓட்டம் சூடாகிக் காற்றோடு போகிறது. அப்படிப் போகவிடாமல் மோட்டாரை ஜெனரேட்டராக்கி, மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்து, நேர்ப்பாதையில் திருப்பித் தருவதுதான் ‘ஆற்றல் மீட்பு’. ஃபார்முலா ஒன்னில் 2009இல் இது வந்தபோது 60 கிலோவாட். அதுவும் ஒரு சுற்றுக்கு ஏழு விநாடிக்கும் குறைவாக. 2014இல் 120, கூடவே டர்போவைச் சுழற்றும் புகையிலிருந்தும் மின்சாரம். 2026 விதிகள் புகைவழி மீட்பைக் கைவிட்டு, பிரேக்வழி மோட்டாரை 350 ஆக்கிவிட்டன. வலுவில் கிட்டத்தட்டப் பாதி மின்சாரம். ஆனாலும் முழு மீட்பு என்பது கிடையாது. கொஞ்சம் சூடாகப் போய்த்தான் தீரும்.

மீட்பு எல்லோருக்கும் வாய்ப்பதுமில்லை. 2011இல் நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரீயில் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஹெச்.ஆர்.டி. காரில் இந்தக் கருவியே இல்லை. விதி பொது, கருவி வசதியுள்ளவனுக்கு.

இனி ஊருக்கு வருவோம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் மறைமலை நகர்த் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு ஆலை மூடப்பட்டது. 2023 பிப்ரவரியில் அதே நிறுவனம், ரெட் புல்லோடு சேர்ந்து 2026இல் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்புவதாக அறிவித்தது: பேட்டரி, மின்மோட்டார், மீட்பு. 2025 அக்டோபரில் தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். 2029இல் மறைமலை நகரில் எஞ்சின் உற்பத்தி. மூலதனம் பிரேக் போட்டது, சேமித்தது, திரும்புகிறது. பிரேக்கில் சூடாகிப் போனவர்கள் யார்?

ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் இருக்கும் நண்பரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: “பிரேக்குல போற சூட்டுக்குக்கூட கணக்கு எழுதி வச்சிருக்கான் தோழர். நம்ம ஓவர்டைமுக்குத்தான் எழுத மாட்டேங்குறான்.”

என் கட்டுரையைவிட இது நல்ல வாசிப்பு. ‘மீட்பு’ என்ற வினைக்கு எழுவாயும் செயப்படுபொருளும் வேண்டும்: யார், யாரிடமிருந்து, எதை? 2029இல் கேட் திறக்கும்போது பழைய தொழிலாளர்களுக்கு முதல் இடம் என்பதை இப்போதே கோரிக்கையாக எழுதி வைக்க வேண்டும். கலப்பைக் கொண்டாடுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.