கிள்ளான் ரயிலில் சூரியக் குடும்பம்

விண்வெளியைப் பற்றி மேடையேறிப் பேசுவோருக்கு முதல் இடைஞ்சல் எண்கள்தான். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது என்றால் அவை தலையாட்டும். மனத்தில் ஒன்றும் இறங்காது. கைதேர்ந்த பேச்சாளர் அந்தத் தொலைவை நாம் தினமும் போய்வரும் பாதையில் கொண்டுவந்து விரித்துவிடுவார். பேச்சின் ருசியே அங்கேதான் தொடங்குகிறது.

கோலாலம்பூருக்கு அப்படியொரு பாதை வாகாக அமைந்திருக்கிறது. பூமியை 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள தேங்காய் என்று வைத்துக்கொண்டால், நிலா ஓர் எலுமிச்சம்பழம். இரண்டுக்கும் இடைவெளி 4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சூரியனோ 14 மீட்டர் உருண்டை. அதை பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரல் வாசலில் நிறுத்துங்கள். தேங்காய் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். இனி கிள்ளான் கொமுட்டர் ரயிலில் ஏறலாம். அங்காசாபுரி நிலையம் வருவதற்குச் சற்று முன்பே செவ்வாய். பெட்டாலிங் ஜெயாவில் வியாழன். சுபாங் ஜெயாவைத் தாண்டினால் சனி. பிறகு ஷா ஆலம், பாடாங் ஜாவா என நிலையங்கள் கடந்துகொண்டே இருக்கும், கோள் ஒன்றும் வராது. கிள்ளானில் இறங்கும்போதுதான் யுரேனஸ். நெப்டியூனுக்குத் தண்டவாளம் போதாது. துறைமுகத்தில் படகு பிடித்து கெத்தாம் தீவை நெருங்க வேண்டும். (நேர்கோட்டுக் கணக்கு இது, பாதையின் வளைவுகள் சேரவில்லை.)

மனிதர் இதுவரை கால் பதித்தது அந்த எலுமிச்சம்பழத்தில் மட்டும். கிள்ளானிலுள்ள யுரேனஸை அருகில் போய்ப் பார்த்த கலம் ஒன்றே ஒன்று: வாயேஜர்-2. 1977இல் தேங்காயை விட்டுக் கிளம்பி, 1986 ஜனவரியில் அதை நிற்காமல் கடந்தது. ஷா ஆலமுக்கும் கிள்ளானுக்கும் நடுவிலுள்ள வெறுமையைச் சொல்லும்போது அவசரப்படாத பேச்சாளரே தேர்ந்தவர். கோள்களின் படங்களை எவரும் காட்டிவிடலாம்; அந்த வெறுமையைக் கேட்பவர் மனத்தில் உட்காரவைப்பதுதான் கலை.

வழியில் வந்த அங்காசாபுரியின் பெயரிலேயே வானம் இருக்கிறது: மலாய் மொழியின் 'அங்காசா'வும் நம் ஆகாயமும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். மின்னல் பண்பலை என்னும் வானொலியின் தமிழ் கிளம்புவதும் அந்த அங்காசாபுரியிலிருந்துதான்.

பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே, ஏரித் தோட்டத்துக் குன்றில் நீலக் கூரையோடு நிற்கும் தேசியக் கோளரங்கம் 1994இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அதை உருவாக்கும் பொறுப்பை ஏற்ற வானியற்பியலாளர் மஸ்லான் ஒத்மான் சிரம்பானில் பிறந்தவர், பிற்பாடு ஐ.நா.வின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கே இயக்குநரானார். 2007 அக்டோபரில் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அங்கே நோன்புப் பெருநாளுக்குச் சக வீரர்களோடு சாத்தே பகிர்ந்துண்டார். சுற்றுப்பாதையின் உயரம் மறந்து போகும், சாத்தே மறக்காது.

விண்வெளியை மனத்தில் இறக்கும் இந்தக் கலைக்குத் தமிழில் மயில்சாமி அண்ணாதுரையைச் சொல்ல வேண்டும். கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் படித்து, சந்திரயான்-1 திட்ட இயக்குநரானவர். அவர் சொல்லும் மண் கதை ஒன்று போதும். நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க நிலா மண் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் செலவு கட்டுப்படியாகாது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தசைட் பாறை கிடப்பது புவியியலாளர்களுக்குத் தெரியும். நிலவின் மேட்டுநிலங்களும் அந்த வகைப் பாறைதான். பாறையைப் பொடித்து பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அங்கே பிரக்யான் ஊர்தி சோதித்த மண்ணும் சித்தம்பூண்டிப் பாறையின் இனமாகவே இருந்தது.