ஒதுக்கி வைத்த நூலுக்கு எந்த ஊசி? முனை மாற்றும் பின்னல் ஊசி செட்: ஒரு சோதனை

நிட்டிங் போடுபவர்கள் வீட்டில் நூல் இரண்டு வகையாகப் பிரிந்துவிடும்: கை தானாகத் தேடி எடுக்கும் நூல், எடுத்த வேகத்தில் திரும்ப வைத்துவிடும் நூல். கீச்சிடும் அக்ரிலிக், புரி புரியாகப் பிரியும் பருத்தி, வழுக்கி ஓடும் விஸ்கோஸ், பின்னினால் பிரிக்க முடியாத மொஹேர், கண்ணியே தெரியாத ஐலாஷ், வெல்வெட் மினுக்குள்ள ஷெனீல் எல்லாம் இரண்டாம் வகை. நிறத்தில் மயங்கிக் காசு கொடுத்து வாங்கியவைதான் எல்லாம். அவற்றை யாருக்காவது கொடுத்துவிடும் முன் ஊசியை மாற்றிப் பார்க்கலாமே என்றுதான் முனை மாற்றும் வட்ட ஊசி செட்டை இந்த நூல்களிலேயே சோதித்தேன். நல்ல மெரினோ கம்பளியில் எந்த ஊசியும் ஓடும். முரண்டு பிடிக்கும் நூலில்தான் ஊசியின் தரம் தெரியும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு அளவிலும் ஒரு ஜோடி முனை, பல நீளங்களில் கேபிள், இறுக்குவதற்கு ஒரு சிறு சாவி, கேபிளின் நுனியை அடைக்க மூடிகள். முனையைக் கேபிளில் திருகி, இணைப்பில் இருக்கும் துளையில் சாவியை நுழைத்து இறுக்க வேண்டும். பாதி வேலையில் ஊசி அளவை மாற்றலாம். முனைகளைக் கழற்றி மூடி போட்டுவிட்டால் கண்ணிகள் கேபிளிலேயே பத்திரமாக இருக்கும். அந்த முனைகளை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். நொய்டாவின் நிட்புரோ இந்த வகை ஊசிகளை உலகம் முழுக்க விற்கிறது என்பதால் இங்கே கிடைப்பதும் சிரமமில்லை.

வாங்கும்போது மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். நம் கடைகளில் இன்னும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் எண்ணில் 8ஆம் நம்பர் ஊசி 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ.; எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறை இதற்கு நேர் எதிர். அங்கே 8 என்றால் 5 மி.மீ. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரியை நம் ஊர் எண்ணோடு போட்டுப் பின்னினால் ஸ்வெட்டர் அளவே மாறிவிடும்.

உலோகமா, மரமா, மூங்கிலா?

அக்ரிலிக்குக்கு உலோகம். இதில் இரண்டாவது யோசனை வேண்டாம். பிளாஸ்டிக்கிலும் மூங்கிலிலும் ஒட்டிக்கொண்டு கண்ணி நகர மறுக்கும் அதே நூல், பளபளப்பான உலோக முனையில் சத்தமில்லாமல் ஓடுகிறது. கை வியர்க்கும் சென்னை மாதிரியான ஊர்களில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

விஸ்கோஸ், பட்டு கலந்த நூல்களுக்கு மூங்கில். உலோகத்தில் இவை கட்டுப்பாடில்லாமல் வழுக்கும். ஊசியைக் கீழே வைத்த நொடியில் கண்ணிகள் நழுவும். மூங்கிலின் லேசான சொரசொரப்பு அவற்றைப் பிடித்து வைக்கிறது.

பருத்தியின் சிக்கல் வேறு. அதற்குக் கம்பளியின் இழுவை கிடையாது. ஊசி நுழைய நூல் நெகிழ்ந்து கொடுக்காததால் மணிக்கட்டு வலிக்கிறது. முறுக்குக் குறைந்த பருத்தியில் கூர்மையான முனை புரிகளுக்கு நடுவே குத்திவிடும். இங்கே பொருளைவிட முனையின் வடிவம் முக்கியம்: சற்று மழுங்கிய முனையை எடுங்கள். இந்த செட்டின் மிகச் சிறந்த பயனை நான் கண்டதும் பருத்தியில்தான். இடது பக்கம் உலோக முனை, வலது பக்கம் மர முனை என்று கலந்து மாட்டலாம். இடது ஊசியிலிருந்து கண்ணி எளிதாகக் கழன்று வரும், வலது ஊசியில் நழுவாமல் நிற்கும். வட்டமாகப் பின்னும்போது கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலது ஊசி. எனவே இடதில் ஓர் அளவு சிறிய முனை மாட்டினாலும் துணி மாறாது, கைக்குச் சிரமம் குறையும். ஒற்றைத் துண்டாக வரும் ஊசியில் இது நடக்காது.

மொஹேருக்கு ஒரு காப்பு நூல்

மொஹேர் அங்கோரா ஆட்டின் முடி. ரோவன் நிறுவனத்தின் கிட்சில்க் ஹேஸ் மாதிரியான நூலில் 70 சதவீதம் மொஹேர், 30 சதவீதம் பட்டு. 25 கிராமில் 210 மீட்டர் நீளம். பட்டு இழையைச் சுற்றிப் பறக்கும் முடிகள் பக்கத்துக் கண்ணிகளோடு பின்னிக்கொள்வதால்தான் பிரிப்பது அவ்வளவு கடினம். நூல் மெல்லியது என்று மெல்லிய ஊசியை எடுக்கக் கூடாது. முடிகள் விரிய இடம் வேண்டும், 4 அல்லது 5 மி.மீ. மர முனை பொருத்தம்.

சாவி நுழையும் அந்தத் துளை இங்கே இன்னொரு வேலை செய்கிறது. மெல்லிய, வழுவழுப்பான நூல் ஒன்றை வலது ஊசியின் துளையில் கோத்துவிட்டுப் பின்னினால், அந்த வரிசைக் கண்ணிகள் எல்லாவற்றின் ஊடாகவும் அது தானாக நுழைந்துவிடும். கண்ணி எண்ணிக்கை சரியாக உள்ள வரிசையில் போட்டு வையுங்கள். பின்னால் தவறு நேர்ந்தால் அதுவரை மட்டும் பிரித்தால் போதும். மொஹேரைத் தொடவே பயப்படுபவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே செட்டைப் பரிந்துரைப்பேன்.

ஐலாஷும் ஷெனீலும்

ஐலாஷில் கண்ணியைக் கண்ணால் தேடாமல் விரலால் தடவி எண்ண வேண்டும். ஒரு சாதாரண நூலை ஜோடி சேர்த்து, 6 மி.மீ. அல்லது அதற்கு மேல், இருபுறமும் நிட் மட்டும் போடும் கார்டர் பின்னலில் போட்டால் வேலை ஓடும். ஊசியின் நிறமும் உதவுகிறது: வெளிர் நூலுக்கு அடர்நிற மரம், கறுப்பு நூலுக்கு வெள்ளி நிற உலோகம்.

ஷெனீலை எந்த ஊசியும் முழுதாகத் திருத்தவில்லை. இரண்டு இழைகள் முறுக்கிப் பிடித்த குறும்பஞ்சுதான் ஷெனீல். தளர்வாகப் பின்னினால் நூல் நழுவி, துணியின் மேல் புழுப் புழுவாக வளையங்கள் கிளம்பும். பிரித்துப் பிரித்துப் பின்னினால் பஞ்சு உதிரும். சிறிய ஊசியில் இறுக்கமாகப் பின்னினால் ஓரளவு கட்டுப்படும். என் கருத்தில் ஷெனீலுக்கு உரிய இடம் தறி. ஊடையாகப் போகும்போது அதன் மென்மை முழுதாகத் தெரியும்.

இணைப்பும் கேபிளும்

முனை மாற்றும் ஊசியின் உயிர் இணைப்பில் இருக்கிறது. விரல் நகத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் மொஹேர் முடியும் அங்கே மாட்டும். திருகு மெல்லத் தளர்வதும் உண்டு. ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முனை கழன்று கண்ணிகள் கொட்டிவிடும். சுருண்டு நிற்கும் பிளாஸ்டிக் கேபிளைச் சூடான நீரில் சற்று நேரம் வைத்து நீட்டினால் பணிந்துவிடும். நிக்கல் பூச்சு சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் மரத்தையே எடுக்கலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கும் எடை குறைந்த, கையில் குளிராத மரம் இதம்.

வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ஒரே பொருளில் செய்த முழு செட்டை வேண்டாம். அதில் பாதி அளவுகள் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. 4, 5, 6 மி.மீ. அளவுகளில் உலோகத்தில் ஒரு ஜோடி, மரத்தில் ஒரு ஜோடி, 80 செ.மீ. கேபிள்கள் இரண்டு என்று தனித்தனியாகச் சேர்ப்பதே லாபம். வெவ்வேறு நிறுவனங்களின் திருகுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்ற உறுதி இல்லை என்பதால் எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்குங்கள். பிறகு நீங்கள் ஒதுக்கிய நூல் ஒவ்வொன்றிலும், இரண்டு ஊசியிலும், 10 செ.மீ. சதுர மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கள். இரண்டு துண்டும் பிடிக்காத நூலை மட்டும் மனநிறைவோடு அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம்.