தோற்ற ஆட்டக்காரனின் நாட்குறிப்பு
ஈமன் டன்பியின் எழுத்துப் பற்றிய சில சிந்தனைகள்

உதைபந்தாட்டக்காரர் ஒருவரின் நூலை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குட் கொணர்வது பொருத்தமானதா என்ற வினா சிலருக்கு எழக்கூடும். அவ்வினா முற்றிலும் நியாயமற்றதன்று. இத்துறையில் வெளிவரும் தன்வரலாறுகளிற் பெரும்பாலானவை வேறொருவர் எழுதிக்கொடுக்க, ஆட்டக்காரர் பெயரை மட்டும் தாங்கி வருபவை. வென்ற கிண்ணங்களின் பட்டியல், பயிற்றுநருக்கு நன்றி, சக ஆட்டக்காரர் பற்றிய சில நகைச்சுவைத் துணுக்குகள் என்பனவற்றுக்கு அப்பால் அவை செல்வதில்லை. விளையாட்டுக்கும் எழுத்துக்கும் உறவு காட்ட விரும்புவோர் உடனே அல்பேர் கமூவின் பெயரைக் கூறுவர். அவர் இளமையில் அல்ஜீரியாவிற் கோல் காப்பாளராக ஆடியவர் என்பது உண்மையே. ஆயின் அவர் பந்தை உதைத்து வயிறு வளர்த்தவரல்லர். பந்தையே பிழைப்பாகக் கொண்டு, அப்பிழைப்பில் தளர்ந்துகொண்டிருந்த வேளையிலேயே அதனை எழுத்தாக்கிய ஒருவரைத் தேடுவோமாயின் அயர்லாந்தைச் சேர்ந்த ஈமன் டன்பியிடமே வந்து சேருவோம்.

டன்பி 1945இல் டப்ளினிற் பிறந்தார். மின்சாரமோ சுடுநீரோ இல்லாத ஒற்றை அறைக் குடியிருப்பொன்றில் அவரது குடும்பம் வாழ்ந்தது. 1951ஆம் ஆண்டுக்கும் 1961ஆம் ஆண்டுக்கும் இடையில் நாலு இலட்சம் பேருக்கு மேல் அயர்லாந்திலிருந்து புலம்பெயர்ந்து சென்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் கட்டடத் தொழிலுக்கும் தொழிற்சாலை வேலைக்குமாக இங்கிலாந்து சென்றோர். 1960இல், பதினைந்தாம் வயதில், மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்திற் பயிலுநராகச் சேரக் கப்பலேறிய டன்பியையும் இப்பெருக்கின் ஒரு துளியாகவே கொள்ளல் வேண்டும். அதே கழகத்துக்கு முன்னர் டப்ளினிலிருந்து சென்ற லியம் வீலன் 1958 பெப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் உயிரிழந்தவர். மறு ஆண்டில் பெல்பாஸ்ற்றிலிருந்து வந்த ஜோர்ஜ் பெஸ்ற், வீட்டு நினைவு தாளாது வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார் என்பதும் பலரறிந்த செய்தி. பெஸ்ற் மீண்டும் வந்து உலகப் புகழ் பெற்றார். டன்பியோ ஐந்தாண்டுகள் அங்கிருந்தும் முதலாம் அணிக்காக ஒரு முறையேனும் ஆடவில்லை. 1965இல் யோர்க் சிற்றி. அடுத்த ஆண்டில் தென்கிழக்கு இலண்டனின் மில்வோல். அங்கு இரண்டாம் பிரிவில் ஏழாண்டுகளுக்கு மேல் நடுக்களத்தில் உழைத்தார். அயர்லாந்துக் குடியரசுக்காக இருபத்து மூன்று முறை ஆடினார். பந்தைச் சிந்தித்து வழங்கும் ஆற்றலும் மெலிந்த உடலும் கொண்ட, நல்லவர் எனத்தக்க ஆனால் மிகச் சிறந்தவர் எனமுடியாத ஓர் ஆட்டக்காரர்.

1971–72 பருவத்தில் மில்வோல் ஒரேயொரு புள்ளியால் முதலாம் பிரிவுக்கு உயரும் வாய்ப்பை இழந்தது. இரு கழகங்களே உயர்த்தப்பட்ட காலம் அது. மில்வோல் மூன்றாமிடம் பெற்றது. அந்த ஒரு புள்ளியை மனத்திருத்தியே டன்பியின் நூலைப் படிக்கவேண்டும். ‘ஒன்லி ஏ கேம்?’ என்ற அந்நூல் 1973–74 பருவத்தின் நாட்குறிப்பு. பீற்றர் போல் என்பவர் பதிப்பித்து 1976இல் வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் ‘வெறும் ஆட்டந்தானா?’ எனலாம். தோற்றவனைத் தேற்றுவதற்கு வழங்கும் ஒரு சாதாரண தொடருக்குப் பின்னால் வினாக்குறி ஒன்றை இட்டதன் மூலம், அத்தேறுதலையே ஐயுறுகின்றார் ஆசிரியர். வாராவாரம் ஊதியத்தை எதிர்பார்த்திருப்பவனிடம் ‘இது வெறும் ஆட்டந்தானே’ என்று கூறுவோர், அரங்கத்தில் இருக்கையில் அமர்ந்திருப்போரே.

இந்நூலுக்கு முன்னரே, 1972இல், ஹன்ரர் டேவிஸ் என்ற பத்திரிகையாளர் ரொற்றன்ஹாம் கழகத்துடன் ஒரு பருவம் முழுவதும் தங்கியிருந்து எழுதிய நூல் வெளிவந்துவிட்டது. அமெரிக்க பேஸ்போல் உலகில் ஜிம் பூட்டன் 1970இல் ஒரு நாட்குறிப்பை வெளியிட்டிருந்தார். எனவே டன்பியை இவ்வகையின் முன்னோடி என்று கூறுவது மிகையாகும். ஆனால் டேவிஸ் உடைமாற்றும் அறைக்குள் அனுமதி பெற்று நுழைந்த விருந்தினர்; அவர் கண்டவை பல, இழக்க அவருக்கு எதுவுமில்லை. டன்பிக்கு வெள்ளிக்கிழமை ஒட்டப்படும் அணிப் பட்டியலில் தம் பெயர் உண்டா இல்லையா என்பதே வாழ்வு. மேலும், நாட்குறிப்பு எழுதுபவனுக்கு முடிவு தெரியாது. உயர்வு கிட்டும் என்ற நம்பிக்கையுடன் ஆடியிற் பயிற்சியைத் தொடங்குபவர், கார்த்திகைக்கு முன்னரே அணியிலிருந்து நீக்கப்படுவார் என்பதை அறியாமலே முதற் பக்கங்களை எழுதியிருக்கின்றார். கைதேர்ந்த நாவலாசிரியனும் எளிதிற் புனைந்துவிட முடியாத அவலச்சுவை இதனாற் பிறக்கின்றது.

நூலின் உயிர்நிலை எனத்தக்க பகுதி, அவர் நீக்கப்பட்ட பின்னர் வருவது. தம் கழகம் ஆடுவதைப் புறத்தே இருந்து பார்க்கும் ஆட்டக்காரன், அது தோற்கவேண்டும் என்று உள்ளூர விரும்புகின்றான். வென்றால் அதே அணி மறுவாரமும் ஆடும். தோற்றாலே அவனுக்கு வழி திறக்கும். வெளியே ‘நம் பையன்கள்’ என்று முகமலர்ந்து பேசிக்கொண்டு, உள்ளே எதிரணியின் கோலுக்காகக் காத்திருக்கும் இவ்விழிநிலையை டன்பி மறைக்கவில்லை. தாம் விதிவிலக்கு என்று காட்டவுமில்லை. பதினொரு இடங்கள், அக்கால விதிப்படி மாற்றாட்டக்காரர் ஒருவருக்கு மட்டுமே இடம். எஞ்சியோர் அனைவரும் தோழனின் காயத்துக்காகவோ தவறுக்காகவோ காத்திருப்போர். ‘அணி உணர்வு’ என்று மேடைகளிற் புகழப்படும் பண்பு, உண்மையில் ஒருவன் சோற்றை மற்றவன் எதிர்பார்த்திருக்கும் உற்பத்தி உறவொன்றின் மேற்பூச்சு என்பதைச் சமூகவியற் சொற்கள் எவற்றையும் கையாளாமலே அவர் புலப்படுத்திவிடுகின்றார். கோட்பாட்டை முதலில் வைத்துக்கொண்டு பாத்திரங்களைப் பின்னர் தேடும் எழுத்தாளர் இவ்விடத்தை ஊன்றிப் படித்தல் நன்று.

நூல் முறைப்பாடாக மட்டும் நின்றிருப்பின் இத்துணைக் கவனத்துக்கு உரியதாகாது. நடுக்களத்தில் அருகருகே ஆடும் இருவருக்கிடையே தோன்றும் உறவை விளக்கும் பகுதியொன்று உண்டு. ஒருவன் எப்போது ஓடுவான், எங்கே பந்தைப் பெற விரும்புவான் என்பதை மற்றவன் பேச்சின்றி அறிகின்றான். அதனைக் காதலர் நெருக்கத்துக்கு ஒப்பிடவும் டன்பி தயங்கவில்லை. தொழிலின் இழிவை எழுதியவரே அதன் இன்பத்தையும் உள்ளிருந்து எழுதுகின்றார். இவ்விரண்டும் ஒரே கையிலிருந்து வருவதாலேயே இழப்பின் கனம் நமக்குத் தெரிகின்றது.

குறைகளும் இல்லாமலில்லை. முகாமையாளர் பென்னி பென்ரன் அவரது கோபத்தின் ஊடாகவே நமக்குக் காட்டப்படுகின்றார். வீழ்ந்துகொண்டிருக்கும் கழகத்தை நடத்துபவனும் தன் வேலைக்கு அஞ்சுபவன்தான் என்ற எண்ணம் ஆசிரியருக்குப் போதியளவு எழவில்லை. நேர்மையான தொழிலாளி, நேர்மையற்ற தொழிலாளி என்று ஆட்டக்காரரை இரு கூறாக்கும் அவரது அளவுகோலும் சில இடங்களில் மிகக் கடினமானது.

1973ஆம் ஆண்டு முடியுமுன்னரே அவர் மூன்றாம் பிரிவிலிருந்த சார்ல்ற்றன் கழகத்துக்குச் சென்றார், பின்னர் றெடிங். நூல் வெளிவந்த 1976ஆம் ஆண்டிலும் அவர் ஆடிக்கொண்டே இருந்தார் என்பது மனங்கொளத்தக்கது. தொழிலை விட்டு நீங்கிய பின் உண்மை பேசுவது வேறு, அதே தொழிலிற் கூலி பெற்றுக்கொண்டு பேசுவது வேறு. 1977இல் ஜோனி ஜைல்ஸுடன் டப்ளினின் ஷம்றொக் றோவர்ஸ் கழகத்துக்குத் திரும்பினார். அயர்லாந்துச் சிறுவர் கடல் கடக்காமலே தொழிலாட்டக்காரராகக்கூடிய ஒரு கழகத்தைக் கட்டியெழுப்பும் கனவு அங்கே இருந்தது. 1978இல் அயர்லாந்துக் கிண்ணம் கிட்டியது, கனவு கிட்டவில்லை. அவர் பத்திரிகைத் துறையிற் புகுந்தார்.

பத்திரிகையாளர் டன்பி பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அஞ்சப்பட்டார், வெறுக்கப்பட்டார், விரும்பிப் படிக்கப்பட்டார். 1990 உலகக் கிண்ணத்தில் அயர்லாந்தும் எகிப்தும் கோலின்றிச் சமநிலை கண்டபோது தொலைக்காட்சியிற் பேனாவை எறிந்து சினந்தமை அந்நாட்டிற் பெரும் விவகாரமாயிற்று. ஆட்டம் பற்றிய அவரது மதிப்பீடு அன்று பிழையானதன்று என்றே கருதுகின்றேன். ஆயின் பேனாவை எறிந்த அம்மனிதரிடம், தம் அணி தோற்கவேண்டும் என்று விரும்பிய தம்மையே கூண்டிலேற்றிய பழைய நாட்குறிப்பாளரைக் காண்பது அரிது. தீர்ப்பு மற்றவர்க்கு மட்டுமே உரியதாகிவிட்டது. 1987இல் யூ2 இசைக்குழு பற்றி எழுதிய நூலையும் இவ்விடத்திற் கடந்து செல்லலாம்.

1991இல் வெளிவந்த, மற் பஸ்பியையும் மன்செஸ்ரர் யுனைற்றட்டையும் பற்றிய ‘ஏ ஸ்ரேஞ் கைண்ட் ஒப் குளோறி’ இவ்வீழ்ச்சிக்கு விலக்கு. 1961 வரை இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் ஊதியத்துக்கு உச்ச எல்லை இருந்தது. இறுதியில் அது வாரத்துக்கு இருபது பவுண். பல்லாயிரவர் நுழைவுச்சீட்டு வாங்கிய அரங்குகளில் அவ்வூதியத்துக்கு ஆடியோரின் வரலாற்றை, அதே கழகத்திற் பயிலுநராய் இருந்து முன்னேறாது வெளியேறியவர் எழுதுகின்றார். பஸ்பியைத் தந்தையாகப் போற்றும் மரபையும் அவர் அறிவார். தந்தைமையின் பேரில் ஊதியம் குறைவாய் இருந்ததையும் அறிவார்.

2002இல் றோய் கீனின் தன்வரலாற்றை அவருக்காக எழுதிக்கொடுத்தார். எதிராளி ஒருவரை வேண்டுமென்றே தாக்கியதாகப் பொருள்படும் பந்தி காரணமாக இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் கீனுக்கு 150,000 பவுண் தண்டமும் ஐந்து ஆட்டத் தடையும் விதித்தது. விசாரணையிற் சாட்சியமளித்த டன்பி, அப்பந்தியின் சொற்கள் கீனுடையவை அல்ல, தாம் தெரிந்துகொண்டவை என்ற கருத்தை முன்வைத்தார். ஆட்டக்காரனின் குரலை ஆட்டக்காரனே பேசவேண்டும் என்பதை 1976இல் நிலைநாட்டியவர், கால் நூற்றாண்டின் பின் வேறொருவரின் ‘நான்’ என்ற சொல்லுக்குப் பொறுப்பேற்க நேர்ந்தது. 2013இல் ‘த றொக்கி றோட்’ என்ற தன்வரலாற்றில் மீண்டும் தம் ‘நானை’ எடுத்துக்கொண்டு, அந்த ஒற்றை அறைக்கே அவர் திரும்பிச் சென்றிருக்கின்றார்.