ஆரண்யாவும் வடசென்னையும்: ஒரு மதிப்பீடு

பேராசிரியர் பாலகிருஷ்ண தோஷி (1927–2023) எழுப்பிய கல்விக்கூடங்களைப் புகழ்வோர் பலர். எனினும் 1995ஆம் ஆண்டின் ஆகா கான் கட்டடக்கலை விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது, இந்தூரில் எளியோருக்காக அவர் வகுத்த ‘ஆரண்யா’ குடியிருப்பாகும். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சமூகங்களின் கட்டடக்கலையை மதிப்பிடும் அவ்விருது, குவிமாடத்தோடும் மினாராவோடும் நின்றுவிடாமல் ஏழையின் வாசற்படியையும் கலையாக ஏற்றது நம் சிந்தனைக்குரியது.

அகமதாபாத்தில் 1962இல் கட்டடக்கலைப் பள்ளியை நிறுவிய தோஷி, இத்திட்டத்தை வரைபலகையிலிருந்து தொடங்கவில்லை. இந்தூரின் குடிசைப் பகுதிகளில் மக்கள் படியையும் திண்ணையையும் மரநிழலையும் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை அவருடைய குழுவினர் முதலில் ஆராய்ந்தனர். பின்னரே சுமார் 85 ஹெக்டேரில் 6,500 மனைகள் வகுக்கப்பட்டன. மிக வறியோருக்குச் சுமார் 35 சதுர மீட்டர் மனை. அதில் அடித்தளமும் கழிப்பறையும் குடிநீர் இணைப்பும் இருக்கும். எஞ்சியதைக் குடும்பமே தன் வருவாய்க்கேற்பக் கட்டிக்கொள்ளும். மாதிரிக்காகக் கட்டப்பட்டவை 80 வீடுகளே. வசதியுள்ளோருக்கு விற்ற மனைகளின் வருவாய் வறியோரின் சுமையைக் குறைத்தது.

குறையும் உண்டு. மனை விலை ஏறியபோது முதலில் குடியேறிய ஏழைகள் பலர் விற்று வெளியேறினர். நல்ல வடிவமைப்பால் மட்டும் சந்தையின் இழுப்பைத் தடுக்க இயலாது என்பதை ஆரண்யா ஆதரவாளர்கள் போதிய அளவு பேசுவதில்லை.

இம்முறை நமக்கு அந்நியமன்று. 1977இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகளே வழங்கப்பட்டன. ஆயினும் 2004 சுனாமிக்குப் பின் எர்ணாவூரில் எழுந்தவை அடுக்குமாடிகள். மூன்றாம் மாடியில் வலையை எங்கே விரிப்பது, மீனை எங்கே காயவைப்பது என்னும் கேள்விக்கு அவற்றின் வரைபடத்தில் விடையில்லை.

அதற்கு வடக்கே வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. அருகே கொசத்தலையாற்றை நம்பி மீனவர் வாழ்கின்றனர். நாளை அங்கே யாருக்கேனும் வீடு வகுக்கும் நிலை வந்தால், திட்டமிடுவோர் முதலில் அவர்களின் திண்ணையில் அமர்ந்து கேட்கட்டும். மனையை எளிதில் விலைக்குப் போகாதவாறு காக்கும் விதியையும் உடன் எழுதட்டும். முதற்பாடத்தைத் தோஷி கற்பித்தார். இரண்டாவதை ஆரண்யாவின் அனுபவம் கற்பிக்கிறது. இரண்டும் சேர்ந்தாலன்றி நீதி நிறைவுறாது என்றே நாம் கருதுகிறோம்.